தாய்மொழியைக் கைவிட்ட தந்தை குற்றவாளியா?

ஒரு தந்தை இருக்கிறான். அவன் சிறுவனாகப் பள்ளிக்கூடத்தின் வாயிலில் முதன்முதல் கால்வைத்தபோது அவனுக்குத் தெரிந்திருந்த மொழி ஒன்றே. அது அவன் தாய் பேசிய மொழி. வெளிக்குச் செல்ல அனுமதி கேட்கவும் அம்மொழியில்தான் அவனால் இயன்றது. கேட்டான்; தண்டிக்கப்பட்டான். 'இனிப் பள்ளி வளாகத்தில் அம்மொழியைப் பேசமாட்டேன்' என்று நூறுமுறை எழுதும்படி கட்டளையிடப்பட்டான். அவன் வளர்ந்தான், மணந்தான், பிள்ளை பெற்றான். தொட்டிலருகில் நின்றபோது ஒரு தீர்மானம் செய்துகொண்டான்: 'நான் பட்ட இழிவை என் பிள்ளை படலாகாது.' அன்று முதல் அவன் மனைவியிடம் ஒரு மொழியும் மகனிடம் மற்றொரு மொழியும் பேசினான். பாட்டி இறந்தாள். அவளோடு அந்த வீட்டில் ஒரு மொழியும் இறந்தது.

இவன் கற்பனையில் மட்டும் வாழ்பவன் அல்லன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலுள்ள லூயிசியானா மாகாணத்தில், பிரெஞ்சு பேசிய குடும்பங்கள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்த கதை இது. அவன் விட்ட மொழி பிரெஞ்சு; அவன் மகனுக்கு ஈந்த மொழி ஆங்கிலம். இந்தத் தந்தை குற்றவாளியா? தன் முன்னோர்க்கு அவன் துரோகம் செய்தானா? அன்றித் தன் பிள்ளைக்கு நன்மை செய்தானா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

'துரோகி' என்று சொல்வது எளிது. 'உலகம் அறிந்த அறிவாளி' என்று சொல்வதும் எளிது. இரண்டு தீர்ப்பும் விசாரணைக்கு முன் எழுதப்பட்டவை. விசாரணையின்றித் தீர்ப்பளிப்பது நேர்மையாகாது. ஆகவே முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

ஆளும் மொழியும் அழுத மொழியும்

பிரெஞ்சு என்றதும் நம்மவர்க்குப் புதுச்சேரியும் காரைக்காலும் நினைவுக்கு வரும். 1954 வரையில் அங்கே பிரெஞ்சு ஆளவந்தோரின் மொழி. கச்சேரியிலும் கவர்னர் மாளிகையிலும் முழங்கிய மொழி. அதைக் கற்றவன் மதிக்கப்பட்டான். அதே பிரெஞ்சு, அதே காலத்தில், லூயிசியானாவின் சதுப்பு நிலங்களில் அறியாமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. அதைப் பேசியவன் நாட்டுப்புறத்து மூடன் என்று நகைக்கப்பட்டான்.

இதிலிருந்து தெளிவாவது யாது? மொழியில் இயற்கையான உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. ஒரு துறைமுகத்தில் மகுடம் சூடிய சொற்களே மற்றொரு துறைமுகத்தில் கந்தல் உடுத்தி நின்றன. சொற்கள் மாறவில்லை, சொல்வோரின் கையிலிருந்த அதிகாரம் மாறியது. பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்பது எத்துணைப் பொய்யோ, அத்துணைப் பொய் ஒரு மொழி தன் இயல்பினாலேயே நாகரிகமுடையது, மற்றொன்று காட்டுமிராண்டித்தனமானது என்பதும்.

கடலை மறித்த குடியானவர்கள்

லூயிசியானாவின் பிரெஞ்சு மக்களில் ஒரு பெரும் பிரிவினர் வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்கள். இன்று கனடாவின் கீழ்கரையில் நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், இளவரசர் எட்வர்ட் தீவு என்று வழங்கும் நிலப்பகுதிக்கு அன்று அக்காடியா என்று பெயர். 1605-ஆம் ஆண்டில் அங்கே போர்ட் ராயல் என்னும் குடியிருப்பைப் பிரெஞ்சுக்காரர் அமைத்தனர். பின்னர் வந்த குடியானவர்கள் அங்கே வேரூன்றினர்.

அவ்விடத்து ஃபண்டி விரிகுடாவில் உலகிலேயே மிகவுயர்ந்த ஓதம் எழுகிறது. அக்கடலோரச் சதுப்பு நிலத்தை அக்காடியர் கரை கட்டி மறித்தனர். கரையின் அடியில் மரத்தாலான மதகு ஒன்று வைத்தனர். அதனுள் ஒருபுறம் மட்டும் திறக்கும் கதவு உண்டு. கடல் வற்றும்போது வயலின் மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது அக்கடல் நீரே கதவை இறுக மூடிவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மண்ணின் உப்பைக் கழுவி மழை போக்கிவிடும். பின் கோதுமை விளையும். பூர்வகுடிகளான மிக்மாக் மக்களோடு அவர்கள் பெரும்பாலும் சமாதானமாகவே வாழ்ந்தனர். சிலர் மணவுறவும் கொண்டனர்.

1713-ஆம் ஆண்டு உட்ரெக்ட் உடன்படிக்கையால் அந்நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆங்கில அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யுமாறு அக்காடியர் கேட்கப்பட்டனர். அவர்கள் மறுக்கவில்லை, ஒரே ஒரு நிபந்தனை விதித்தனர். 'உங்கள் சட்டத்துக்கு அடங்கி நடப்போம். ஆயினும் பிரெஞ்சுக்காரருக்கோ மிக்மாக்கருக்கோ எதிராக ஆயுதம் எடுக்கமாட்டோம்' என்றனர். 1730-இல் கவர்னர் பிலிப்ஸ் இந்நிபந்தனையை வாய்மொழியாக ஏற்றார். இதனால் அவர்கள் 'நடுநிலைப் பிரெஞ்சுக்காரர்' என்று அழைக்கப்பட்டனர்.

ஆனால் இரண்டு பேரரசுகள் மோதும்போது நடுவில் நிற்பவன் இருவருக்கும் சந்தேகத்துக்குரியவன் ஆகிறான். 1755-இல் கவர்னர் சார்லஸ் லாரன்ஸ் நிபந்தனையற்ற பிரமாணம் கேட்டார். அக்காடியரின் பிரதிநிதிகள் தயங்கினர். அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் கிராண் பிரே என்ற ஊரில், ஆண்களும் சிறுவர்களுமாக 400-க்கு மேற்பட்டோர் தங்கள் தேவாலயத்துக்கே அழைக்கப்பட்டுக் கதவு சாத்தப்பட்டது. ஜான் வின்ஸ்லோ என்ற படைத்தலைவர் கட்டளையைப் படித்தார்: நிலமும் கால்நடையும் அரசுக்குச் சொந்தம், மக்கள் நாடு கடத்தப்படுவர். சுமார் 14,000 அக்காடியரில் 10,000-க்கு மேற்பட்டோர் 1755 முதல் 1763 வரை கப்பலேற்றப்பட்டனர். வீடுகள் தீக்கிரையாயின. குடும்பங்கள் பிரிந்தன. கடலில் மூழ்கியோரும் நோயில் மடிந்தோரும் பலர். வர்ஜீனியா அவர்களை ஏற்க மறுத்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. சிலர் அங்கிருந்து பிரான்சுக்குச் சென்றனர். 1785-இல் அவர்களுள் சுமார் 1,600 பேர் ஏழு கப்பல்களில் லூயிசியானாவை அடைந்தனர். 1764, 1765-ஆம் ஆண்டுகளிலேயே அங்கு வந்து சேர்ந்திருந்த தம்மவரோடு கூடினர்.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. பறிக்கப்பட்ட வயல்கள் புதுக்குடியேறிகளான ஆங்கிலேயருக்கு அளிக்கப்பட்டன. புயலில் உடைந்த கரையைச் செப்பனிடும் வித்தை அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே சிறைப்பட்டிருந்த அக்காடியரையே கூலிக்கு அழைத்து, அவர்கள் மூதாதையர் கட்டிய கரையை வேற்றார் விளைச்சலுக்காகப் பழுது பார்க்கச் செய்தனர்.

திரும்பி வந்தோர்

1764-இல் பிரமாணம் செய்வோர் சிறுசிறு கூட்டங்களாகச் சிதறி வாழ்வதாயின் திரும்பலாம் என்று அனுமதி கிடைத்தது. வந்தனர். நல்ல நிலங்கள் பிறர் கையில் இருந்தமையால் மண்ணில்லாக் கடற்கரையில் மீன் பிடித்து வாழ்ந்தனர். ஒரு நூற்றாண்டு ஊமைபோற் கிடந்தனர்.

அவர்களை எழுப்பியவற்றுள் ஒன்று, வேடிக்கையாக, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு காவியமாகும். 1847-இல் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ, அக்காடியாவை நேரிற் காணாமலே, நாடு கடத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 'இவாஞ்சலின்' என்னும் நூலை இயற்றினார். அது பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டு அக்காடியர் கைக்கு வந்தபோது, தங்கள் துயரம் உலகம் கேட்கத்தக்க துயரம் என்பதை அவர்கள் உணர்ந்தனர். பின்னர் 1887-இல் தோன்றிய ஒரு பிரெஞ்சுச் செய்தித்தாள் அப்பெண்ணின் பெயரையே தாங்கி 1982 வரை நடந்தது.

உணர்ச்சி மட்டும் ஒரு மொழியைக் காவாது. அதனை அவர்கள் அறிந்திருந்தனர். 1864-இல் மெம்ராம்குக்கில் ஒரு கல்லூரி தோன்றியது. 1881-இல் அங்கே கூடிய மாநாட்டில் தங்களுக்கென ஒரு தேசிய நாளும், 1884-இல் மிஸ்கூஷ் என்ற ஊரில் ஒரு கொடியும் தெரிந்தெடுத்தனர். 1871-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் மதச்சார்புப் பள்ளிகளுக்குப் பொதுப்பணத்தை மறுத்தபோது, அக்காடியரின் பள்ளிகள் பெரும்பாலும் திருச்சபையைச் சார்ந்திருந்தமையால், காராகெட் ஊரில் 1875-இல் கலகம் மூண்டது, இருவர் உயிரிழந்தனர்.

நியூ பிரன்ஸ்விக்கில் தேர்தலில் வென்று முதலமைச்சரான முதல் அக்காடியர் லூயி ரோபிஷோ. 1960 முதல் 1970 வரை அவர் ஆண்டார். அவர் முதலிற் செய்தது மொழிச் சட்டம் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு மாவட்டமும் தன் வரியைக் கொண்டே தன் பள்ளியையும் மருத்துவமனையையும் நடத்திற்று. ஏழைப் பிரெஞ்சு மாவட்டத்துக்கு ஏழைப் பள்ளி. செல்வ ஆங்கில மாவட்டத்துக்குச் செல்வப் பள்ளி. இவ்வேற்றுமையை ஒழிக்கப் பள்ளிகளின் பொறுப்பை மாகாணமே ஏற்கச் செய்தார். 1963-இல் மாங்டன் நகரில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1968-இல் அதன் மாணவர்கள், நகரசபையில் தங்கள் மொழிக்கு இடம் கேட்டு ஊர்வலமாகச் சென்றபோது மேயர் இணங்கவில்லை. அடுத்த ஆண்டே, 1969-இல், ஆங்கிலமும் பிரெஞ்சும் மாகாணத்தின் ஆட்சி மொழிகளாயின. 1993-இல் இரு மொழிச் சமூகங்களும் சமம் என்பது நாட்டின் அரசியலமைப்பிலேயே பொறிக்கப்பட்டது. 2002-இல் மாங்டன் நகரசபையும் இருமொழி சபையாயிற்று. இன்று அம்மாகாண மக்களில் சுமார் பத்தில் மூவர் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்.

வெட்கம் என்னும் ஆயுதம்

இனித் தெற்கே வருவோம். லூயிசியானாவில் அக்காடியர் 'கேஜன்' ஆயினர். பெயரே திரிந்து வழங்கியது. 1803-இல் அந்நாடு அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. ஆயினும் சதுப்பு நிலத்து ஊர்களில் நூறாண்டுக்கு மேல் பிரெஞ்சே பேசப்பட்டு வந்தது. வாளும் கப்பலும் அழிக்காததைப் பள்ளிக்கூடம் அழித்தது. 1921-ஆம் ஆண்டு மாகாண அரசியலமைப்பு, பொதுப்பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே பயிற்ற வேண்டும் என விதித்தது. நாம் முதலிற் கண்ட சிறுவன் அடிபட்டது இவ்விதியின் கீழ்தான்.

1755-இன் கொடுமையையும் 1921-இன் கொடுமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னது உடலை நாட்டிலிருந்து பெயர்த்தது. பின்னது உள்ளத்தை வீட்டிலிருந்து பெயர்த்தது. நாடு கடத்தப்பட்டவன் தன்னைக் கடத்தியவனை வெறுக்கிறான். ஆகவே அவன் தன்னை மறப்பதில்லை. வெட்கப்படுத்தப்பட்டவனோ தன்னையே வெறுக்கிறான். ஆகவே அவனைக் காவல் செய்யச் சேவகன் வேண்டியதில்லை. அவனே தனக்குச் சேவகன். தன் தாய் வாசற்படியில் நின்று பேசும்போது அயலார் கேட்டுவிடுவரோ என்று நாணுகிறான். அடிமைத்தனத்தில் இதனினும் முற்றிய நிலை வேறில்லை.

வேறு காரணங்களும் கூடின. 1901 முதல் எண்ணெய்க் கிணறுகள் தோன்றின; அங்கே வேலை வாங்கும் மொழி ஆங்கிலம். சாலையும் வானொலியும் வந்தன. இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் இறங்கிய கேஜன் வீரர் சிலர் மொழிபெயர்ப்பாளராகப் பயன்பட்டு மதிக்கப்பட்டனர். பள்ளியில் தண்டனை பெற்றுத்தந்த அதே சொற்கள் போர்க்களத்தில் பெருமை பெற்றுத்தந்தன. எனினும் வீடு திரும்பிய அவர்களிற் பலர் தம் பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசினர்.

1964-இல் நியூபோர்ட் நகரத்து நாட்டுப்பாடல் விழாவில் டூயி பால்ஃபாவும் அவர் தோழர்களும் பழைய கேஜன் பாட்டை இசைத்தபோது ஆயிரக்கணக்கானோர் ஆரவாரித்தனர். அயலார் மதித்த பின்னரே ஊரார் சிலர் தம் வீட்டுப் பொருளைத் திரும்பிப் பார்த்தனர். 1968-இல் ஜேம்ஸ் டொமஞ்சோ என்ற வழக்கறிஞரின் முயற்சியால் பிரெஞ்சை வளர்க்க மாகாண அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. 1974-ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு பழைய விலக்கை நீக்கி, மக்கள் தத்தம் மொழி மரபைக் காத்து வளர்க்கும் உரிமையை ஏற்றது. அதற்குள் இரண்டு தலைமுறைகள் கடந்துபோயின.

மூன்று வாதங்கள்

நம் தந்தையின் பக்கம் நின்று பேசுவோர் முதலிற் சொல்வது: 'மொழி ஒரு கருவி. மழுங்கிய அரிவாளை விட்டுக் கூரிய அரிவாளை எடுப்பது குற்றமா?' இதற்கு விடை: மொழி கருவியும்தான், ஆனால் கருவி மாத்திரம் அன்று. அரிவாளை மாற்றினால் பழைய அரிவாளுக்கு வருத்தமில்லை. மொழியை மாற்றினால் பாட்டிக்கும் பேரனுக்கும் இடையில் பேச்சு நின்றுவிடுகிறது. மேலும், ஆங்கிலம் கற்பதற்குப் பிரெஞ்சை மறந்தே தீரவேண்டும் என்று யார் விதித்தது? நியூ பிரன்ஸ்விக்கின் அக்காடியர் பலர் இரண்டையும் பேசுகின்றனர். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும் என்பது அறிவின் விதி அன்று. அது அன்றைய பள்ளி நிர்வாகத்தின் விதி. அதை இயற்கையின் விதியென்று தந்தை நம்பும்படி செய்ததே அநீதி.

இரண்டாவது வாதம் மறுபக்கத்திலிருந்து வருகிறது: 'முன்னோர் தந்ததைக் காப்பது நம் கடன், காவாதவன் துரோகி.' இதையும் நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. முன்னோர் தந்தது என்பதற்காக ஒன்றைப் போற்ற வேண்டுமாயின், அவர்கள் தந்த மூடநம்பிக்கையையும் வேற்றுமையையும் போற்ற வேண்டி வரும். இறந்தோருக்கு மொழி வேண்டியதில்லை. கடன் உண்டு, ஆனால் அது பின்னோருக்குப் பட்ட கடன். பிறக்கப்போகும் பிள்ளை தன் பாட்டியின் நகைச்சுவையைப் பாட்டியின் வாயாலேயே கேட்கும் வாய்ப்பைப் பெறவேண்டும். வேண்டாமென்று ஒதுக்கும் உரிமையும் அப்பிள்ளைக்கு உண்டு. ஆனால் பெறாததை எவனும் ஒதுக்க முடியாது.

மூன்றாவது வாதம் தூய்மையைப் பற்றியது. மாங்டன் நகர்ப்புறத்து இளைஞர் பேசும் பேச்சுக்கு ஷியாக் என்று பெயர். அது பிரெஞ்சு வாக்கியத்தில் ஆங்கிலச் சொற்களை அள்ளித் தெளித்த பேச்சு. பண்டிதர் சிலர் இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்கின்றனர். இன்று அதிலேயே பாட்டும் கதையும் எழுதுவோர் இருக்கின்றனர். லூயிசியானாவில் மீட்சி வேலை தொடங்கியபோது பிரான்சு, பெல்ஜியம், கியூபெக் முதலிய இடங்களிலிருந்து ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் கற்பித்தது நூல்வழக்கான பிரெஞ்சு. பிள்ளை வீட்டுக்கு வந்து, 'பாட்டி, நீ பேசுவது பிழை' என்றது. முன்னர் ஆங்கிலத்தின் பெயரால் நாணமூட்டப்பட்ட கிழவி, இப்போது பிரெஞ்சின் பெயராலேயே நாணமூட்டப்பட்டாள்! தூய்மை நல்லதே, இலக்கியத்துக்கும் கல்விக்கும் செப்பமான நடை வேண்டியதே. ஆயினும் தூய்மையின் பெயரால் பேசுவோனை வாயடைப்பது, மொழியைக் காப்பதாகாது. 1979-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்ற அக்காடிய எழுத்தாளர் அந்தோனின் மாயே, தம் ஊர்ப் பாமரரின் பேச்சையே எழுத்திற் கொணர்ந்தவர். நாடு கடத்தப்பட்ட ஒரு விதவை வண்டியோட்டித் தன் மக்களைத் தாயகத்துக்கு அழைத்து வரும் கதைக்கே அப்பரிசு கிடைத்தது. நகைக்கப்பட்ட பேச்சு தன் மதிப்பை அவ்வாறு நிலைநாட்டியது.

ஒடுக்கப்பட்டோரின் குற்றம்

ஒடுக்கப்பட்டோர் என்பதாலேயே ஒரு மக்கள் குற்றமற்றவர் ஆகிவிடுவதில்லை. இதனை மறைத்தெழுதுவது நேர்மையன்று. லூயிசியானாவில் நிலமும் பொருளும் தேடிக்கொண்ட அக்காடியருட் சிலர் அடிமைகளை வைத்திருந்தனர். அங்கே பிரெஞ்சும், அதனோடு தொடர்புடைய கிரியோல் மொழியும் பேசிய கறுப்பினத்தார் பலர். ஒரே மொழியில் பாடினர். ஒரே சோகத்தைப் பாடினர். எனினும் ஒரே பந்தியில் அமரவில்லை.

அமேதே ஆர்டோயின் என்ற கறுப்பின இசைவாணர் 1929 முதல் டென்னிஸ் மக்கீ என்ற வெள்ளையரோடு சேர்ந்து பல இசைத்தட்டுகளிற் பாடினார். இன்றைய கேஜன் இசையில் அவர் முத்திரை பதிந்திருக்கிறது. ஒரு நாள் வியர்வை துடைக்க வெள்ளைப் பெண் ஒருத்தி கொடுத்த கைக்குட்டையை வாங்கினார் என்பதற்காக அவர் கொடுமையாக அடிக்கப்பட்டார் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. 1942-இல் ஒரு மனநல விடுதியில் அவர் இறந்தார். பின்னாளில் மீட்சி இயக்கம் எழுந்தபோதும் 'கேஜன்' என்ற பெயரே முன்னிறுத்தப்பட்டது. கிரியோல் மக்களில் பலர் தாங்கள் ஓரத்தில் நிறுத்தப்பட்டதாக உணர்ந்தனர்.

மொழி மக்களைச் சேர்க்கும் என்கின்றோம். நிறவெறி இருக்கும் இடத்தில் மொழி மட்டும் சேர்க்காது. 'எங்கள் மொழி, எங்கள் மொழி' என்று முழங்குவோன், அம்மொழி பேசும் எல்லோரையும் 'எங்கள்' என்பதனுள் அடக்குகிறானா என்று கேட்க வேண்டும். அடக்கவில்லையாயின் அவன் காப்பது மொழியை அன்று, தன் பெருமையை.

தீர்ப்பு

இப்பொழுது நம் தந்தையிடம் திரும்புவோம். அவன் குற்றவாளியா?

அவன் செய்தது அன்பினால் செய்தது. கையில் தழும்பு உள்ளவன் தன் பிள்ளையைத் தீயிடத்திலிருந்து விலக்குகிறான். அவனைப் பழிப்பவன் தீயை மூட்டியவனைப் பழிக்கட்டும். குற்றத்தின் பெரும்பகுதி, ஏழு வயதுச் சிறுவனைத் தன் தாயின் மொழிக்காகத் தண்டித்த சட்டத்தைச் சாரும். அதைக் கண்டும் வாளாவிருந்த செல்வரையும் கற்றோரையும் சாரும்.

ஆனால் 'குற்றமில்லை' என்பதும் 'இழப்பில்லை' என்பதும் ஒன்றல்ல. குற்றவாளி அல்லாதவனும் பொறுப்பிலிருந்து முற்றும் விடுபட்டவன் அல்லன். பிரம்பு உயர்ந்திருந்த காலத்தில் அவன் மௌனம் மன்னிக்கத்தக்கது. பிரம்பு ஒழிந்த பின்னும் மௌனம் நீடித்தால், அப்போது அதைக் காப்பது அச்சம் அன்று, பழக்கம். அச்சத்துக்குப் பிறர் பொறுப்பாளி. பழக்கத்துக்கு நாமே பொறுப்பாளி. 1974-க்குப் பின் லூயிசியானாவில் எவரும் பிரெஞ்சு பேசியதற்காகச் சட்டத்தால் துன்புறுத்தப்படவில்லை. ஆயினும் எத்தனையோ கிழவர்கள் தமக்குள் மட்டும் அதைப் பேசி, பேரன் வந்தவுடன் நிறுத்திக்கொண்டனர். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அருகில் அமர்ந்து, 'தாத்தா, இதற்கு உங்கள் பேச்சில் என்ன பெயர்?' என்று கேட்பதே பயன். வெட்கத்தை வசையால் நீக்க முடியாது. மதிப்பால் மட்டுமே நீக்க முடியும்.

அரசின் கடமையும் இதனால் விளங்குகிறது. 2003-இல் கனடா நாட்டில் அரசியின் பெயரால் ஒரு பிரகடனம் வெளியாயிற்று. 1755-இன் தீங்குகளை அது ஒப்புக்கொண்டது. ஜூலை 28-ஆம் நாளை நினைவு நாளாக்கியது. சட்டப்படியோ பொருள்படியோ எப்பொறுப்பையும் ஏற்பதாகக் கொள்ளலாகாது என்றும் சேர்த்துச் சொன்னது. ஒப்புக்கொண்டது நன்று. ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவது அதனினும் நன்று. 2000-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் இளவரசர் எட்வர்ட் தீவில் சமர்சைடு ஊர்ப் பிள்ளைகள் தம் ஊரிலேயே பிரெஞ்சுப் பள்ளி பெற உரிமையுடையர் எனத் தீர்ப்பளித்தது. எல்லோரையும் ஒரே விதமாக நடத்துவது மட்டும் சமத்துவம் ஆகாது. தாழ்ந்திருப்போரை வேறுவிதமாக நடத்தியே சமநிலைக்குக் கொணர நேரும் என்னும் கருத்தை அது வலியுறுத்திற்று. சீர்திருத்தத்தில் நம்பிக்கையுடைய எவரும் இக்கருத்தை மனத்திற் பதித்துக்கொள்ளத் தக்கது.

காப்பு என்பது எத்தகையதாக இருக்க வேண்டும்? அக்காடியக் குடியானவனின் மதகையே நினைத்துக்கொள்ளலாம். அவன் கட்டிய கரை சுவர் மட்டுமாக இருந்திருந்தால் வயலின் நீர் வெளியேற வழியின்றிப் பயிர் அழுகியிருக்கும். கரையே இல்லாதிருந்தால் உப்பு ஏறியிருக்கும். அவன் கதவு வைத்தான். அது உள்ளிருந்து வெளியே செல்ல வழிவிட்டது. வெளியிலிருந்து மூழ்கடிக்க வந்ததைத் தடுத்தது. ஆங்கிலத்தையும் உலகத்தையும் நோக்கிப் பிள்ளை செல்லட்டும்; கதவு திறந்தே இருக்கும். ஆனால் அந்த உலகம் வீட்டுக்குள் பெருகி வந்து தொட்டிலை மூழ்கடிக்காதபடி ஒரு கரை வேண்டும். பள்ளியும் சட்டமும் கரையாகும். அக்கரையைப் பழுதுபார்க்கும் வேலை நாள்தோறும் உள்ளது. அது வீட்டில், உணவருந்தும் வேளையில் நடப்பது.

2023-ஆம் ஆண்டில் லூயிசியானாவின் கடைக்கோடியில் புவாந்து ஓ ஷியேன் என்னும் கடலோரச் சிற்றூரில் ஒரு சிறு பிரெஞ்சுப் பள்ளி திறக்கப்பட்டது. அவ்வூரில் வாழ்வோர் பலர் அமெரிக்கப் பூர்வகுடிகள். குடியேறியவரிடமிருந்து பிரெஞ்சைக் கற்று, ஏனையோர் பலர் அதைக் கைவிட்ட பின்னும் அவர்கள் காத்து வந்தனர். ஒரு காலத்தில் அவர்களின் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிகள் வாயிலிலேயே மறித்தன. அவ்வூரிலிருந்த பழைய பள்ளியும் 2021-இல் மூடப்பட்டது. கடல் அவர்கள் நிலத்தை ஆண்டுதோறும் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்நிலையிலும், அவர்கள் தம் பிள்ளைகளுக்காக மீண்டும் ஒரு பள்ளியைக் கேட்டுப் பெற்றனர். முன்னொரு காலத்தில் ஒரு சிறுவன் எம்மொழியில் பேசியதற்காக நூறுமுறை எழுதினானோ, அம்மொழியில் இன்று அங்கே சிறுவர் தம் பெயரை எழுதிப் பழகுகின்றனர்.

அச்சிறுவன், அதாவது நம் தந்தை, இன்று உயிரோடிருந்தால் அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நாம் விரும்போம். அப்பள்ளியின் முதல் வரிசையில் ஒரு நாற்காலி இட்டு அமரச் செய்வோம். பிள்ளைகள் அவனிடம் கேட்கட்டும், அவன் சொல்லட்டும். இதைப் படிப்போர் தத்தம் வீட்டில் அவ்வாறு ஒரு நாற்காலி வெறுமனே கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்வாராக.